தண்ணீரை ஊரே ஆளட்டும்

2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியிலே மாவிலாற்று மதகு மூடப்பட்டு, அதை நம்பியிருந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாய்க்கால் வழியே சென்ற நீர் நின்றபோது, அந்த ஒரு மதகின் பொருட்டு மூண்ட சண்டை மூன்றாண்டு காலம் நாட்டையே எரிக்கும் போராக வளரப்போகிறது என்று ஊகித்தவர் மிகச் சிலரே. மதகை மூடியோர் தரப்பில் சொல்லப்பட்ட நியாயங்களுள், தங்கள் பகுதிக் கிராமங்களுக்கும் குடிநீர்த் திட்டம் வேண்டும் என்பதும் ஒன்று. தாகத்தைத் தாகத்தால் பழிவாங்கும் அச்செயலை எந்த நியாயமும் தாங்காது. ஆயினும், நீரின் மீதுள்ள அதிகாரம் அதை அருந்துவோர் கையில் இல்லாதவிடத்து அது எவருடைய கையிலேனும் ஆயுதமாகிவிடும் என்ற உண்மையை, அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தச் சம்பவமும் அவ்வளவு பிரத்தியட்சமாக நமக்குக் காட்டவில்லை.

போர் ஓய்ந்து பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. திருகோணமலையைப் பற்றிய பேச்சு இன்று துறைமுகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. சீனன்குடாவிலே பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகளைக் குறித்து 2022 ஜனவரியில் கொழும்பும் புதுடில்லியும் ஒப்பந்தம் செய்தன. சம்பூரில் அனல்மின் நிலையம் எழுமா எழாதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்து, அனலைக் கைவிட்டுச் சூரிய மின்சாரத்தில் வந்து நின்றது. தேசங்களின் கண்கள் எல்லாம் ஆழ்கடலையும் ஆழ்துறையையும் நோக்கியிருக்க, அத்துறைமுகத்தைச் சூழ்ந்த கரையோரக் கிராமங்களிலே பத்தடி ஆழத்துக் கிணற்றைப் பற்றிப் பேச ஆளில்லை. அந்தக் கிணற்றையும், அதன் இடத்தில் வரவேண்டிய குழாய்த் திட்டத்தையும், ஊர் மக்களே கட்டவும் ஆளவும் உரிமை பெறவேண்டும் என்பதும், அவ்வுரிமைக்குத் துணைநிற்பது அரசின் கடமை என்பதுமே இங்கு நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் அந்த மக்கள் யார் என்று பார்ப்போம். 2006இல் துரத்தப்பட்டு, தங்கள் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் கைத்தொழில் வலயமாகவும் வேலியிடப்பட்டதைப் பார்த்துக்கொண்டு முகாம்களிலே காத்திருந்து, 2015 முதலே சொந்த மண்ணுக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூர் மக்கள் இருக்கிறார்கள். ஒன்பது ஆண்டு ஆளில்லாத ஊரில் கிணறு எந்தக் கோலத்தில் இருந்திருக்கும் என்பதை விவரிக்கவேண்டியதில்லை. மூதூர் கிழக்கிலும் வெருகல் பகுதியிலும், காட்டையும் கடலையும் சார்ந்து வாழ்ந்து தமிழ் பேசும் வேடர் குடிகள் இருக்கிறார்கள். நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கிண்ணியாவிலும் மீன்பிடியை நம்பிய தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. வடமேற்கு எல்லையிலே பதவிசிறிபுரவில், காரணம் இன்னும் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோயின் பயத்துடன் கிணற்று நீரைக் குடிக்கும் சிங்கள விவசாயிகள் இருக்கிறார்கள். மொழியாலும் மதத்தாலும் பிரிந்து நிற்கும் இவர்களை ஒன்றாகக் கட்டும் கயிறு ஏதேனும் உண்டென்றால், அது நல்ல தண்ணீருக்காக ஒவ்வொரு நாளும் படும் பாடுதான்.

இம்மாவட்டத்தில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி வடகீழ்ப் பருவத்தில் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிட, கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை நிலம் காய்கிறது. கரையோர மணலில் நல்ல நீர் நிற்கும் விதம் அற்புதமானது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட இலேசானதாகையால், கீழிருந்து ஊடுருவி வரும் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. ஒல்லாந்து நாட்டு கைபனும் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதன் கீழ் ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நல்ல நீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால் அதன் பயங்கரம் விளங்கும்: மேலே ஓரடி நீரை இறைத்துத் தாழ்த்தினால், காலக்கிரமத்தில் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவிடலாம். ஆகவே ஒரு விடுதி தன் புல்தரைக்காகப் பெரிய மோட்டாரை நாள் முழுவதும் ஓடவிட்டால், அடுத்த வளவுக் கிணறு சவர்ப்பது விதியன்று, பௌதிகம். கரையோரத்து நிலத்தடி நீர் இயற்கையாகவே பொதுச்சொத்து. அதற்கு வேலி போட ஒருவராலும் முடியாது. ஊர் கூடி ஒரு நியமம் வகுத்தாலன்றி அதைக் காப்பதும் முடியாது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள் இந்தப் பாடத்தைக் கொடூரமாகப் போதித்தது. கரையோரக் கிணறுகளில் கடல் புகுந்தவுடன், உதவிக்கு ஓடிவந்தவர்கள் நல்லெண்ணத்தோடு பம்பிகளை வைத்து அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சேற்றையும் அழுக்கையும் அகற்ற ஓரளவு இறைப்பது அவசியமே. ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களிலே, மேலே எஞ்சியிருந்த நல்ல நீரும் போய், கீழிருந்த உப்பு மேலேறியது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிழக்குக் கரையின் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து, உப்பைக் கழுவி வெளியேற்றியது பெரும்பாலும் பருவமழையே என்று எடுத்துரைத்தனர். ஆற்று மணலிலும் கடலோர மணலிலும் பூவல் என்னும் சிறு ஊற்றுக்குழி தோண்டி, தேவையான குடத்தளவை மட்டும் மொண்டு, ஊறும்வரை பொறுத்திருந்த கிழக்கிலங்கைப் பெண்களின் பழக்கத்தில் இந்த விஞ்ஞானம் முன்பே இருந்தது. அவர்களை அழைத்து அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்ற எண்ணம் அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அக்காலத்தில் வந்த உபகாரங்களைப் பழிப்பது நன்றிகேடாகும். மூதூரில் கடற்கோள் நிவாரணப் பணி செய்துவந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் இந்நாட்டு ஊழியர் 17 பேர், 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர்; அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. உயிரைக் கொடுத்துப் பணிசெய்தோர் இருந்தனர் என்பதை மறவாமலே, அந்தப் பணியின் அமைப்பில் இருந்த குறையையும் நாம் பேசவேண்டும். கொடையாளர் குழாய்க்கிணற்றை அமைத்து, சுவரில் பெயர்ப்பலகை பதித்து, புகைப்படம் எடுத்து, திட்டக்காலம் முடிந்ததும் சென்றுவிடுகிறார். சில காலத்தில் கைப்பம்பியின் உருளைக்குள் இருக்கும் வாஷர் தேய்கிறது. முன்பு பத்து முறை பிடியை அடித்தால் நிறைந்த வாளி, இப்போது நாற்பது முறை அடித்தாலும் நிறைவதில்லை. வாஷரின் விலை அற்பம். ஆனால் அதை எங்கே வாங்குவது, குழாயை மேலே தூக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, மாற்றத் தெரிந்தவர் யார், அவருக்குக் கூலி எந்தப் பணத்திலிருந்து கொடுப்பது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையில்லை. பிரதேச சபைக்குக் கடிதம் போகிறது. சபை நீர் வழங்கல் அதிகாரிகளைக் கைகாட்டுகிறது. அவர்கள், அது தங்கள் சொத்துப் பட்டியலில் இல்லை என்கிறார்கள். கடைசியில் பம்பியின் பிடி துருவேறி நிற்க, கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும் நேரத்தைக் கணக்கிட்டு ஜனங்கள் தெருவோரத்தில் பிளாஸ்டிக் கான்களை அடுக்கிவைக்கிறார்கள்.

பவுசரால் வரும் தீங்கு தாமதம் மட்டுமன்று. எப்போது வரும் என்று தெரியாத நீரை மக்கள் வீட்டிலுள்ள பாத்திரம், பீப்பாய் எல்லாவற்றிலும் சேமிக்கிறார்கள். நன்றாக மூடாத நீரிலே நுளம்பு பெருகுகிறது. 2017ஆம் ஆண்டு கிண்ணியாவை உலுக்கிய டெங்கைப் பற்றி எழுதியவர்கள் குப்பையையும் வடிகாலையும் குறைகூறினார்கள், அது சரியே. ஆனால் நாள்தோறும் ஒழுங்காக நீர் வரும் வீட்டில் ஒருவரும் பீப்பாயை நிரப்பி வைக்கமாட்டார் என்பதையும் அத்துடன் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும்.

இதற்கு மாற்றுவழி இந்நாட்டிலேயே பரீட்சித்துப் பார்க்கப்பட்டதுதான். 1993இல் உலக வங்கியின் கடனுதவியுடன் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களிலே தொடங்கிய சமூக நீர் வழங்கல் திட்டத்தில், கிராமத்தார் தாமே சங்கம் அமைத்து, எந்த வகைத் திட்டம் வேண்டும் என்று தாமே தெரிந்தெடுத்து, செலவில் ஒரு பங்கைப் பணமாகவும் சிரமதான உழைப்பாகவும் கொடுத்து, கட்டி முடிந்தபின் கட்டணத்தைத் தாமே நிர்ணயித்து நடத்தினர். மலைநாட்டின் ஊற்றுநீர் தன் பாரத்தாலேயே குழாயில் இறங்கிவரும் அந்த வசதி நம் கரையோரத்துக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே வேலை செய்தது புவியீர்ப்பு மட்டுமன்று, தெரிவும் பொறுப்பும் ஒரே கையில் இருந்த அந்த ஏற்பாடும்தான். இன்று இத்தகைய சங்கங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் இயங்குகின்றன. அவற்றுக்கென்றே 2014இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் நிறுவப்பட்டது. போரின் பிடியில் கிடந்த கிழக்கு, அந்த முதற்பாடம் நடந்த வகுப்பிலே இல்லை. பின்னால் வந்த உதவியோ, பெரும்பாலும், கற்பிக்க அல்ல, கொடுக்கவே வந்தது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம். பட்டணத்தில் வாழ்பவருக்குத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை பொறியியலாளரையும் இரசாயன கூடத்தையும் வைத்து நீர் கொடுக்கும்போது, வலைக்கும் வள்ளத்துக்கும் கடன்பட்டிருக்கும் மீனவனை மட்டும், நீயே கட்டு, நீயே பழுது பார், நீயே பணம் கொடு என்பது, சுயாட்சி என்ற அழகிய பெயரில் ஏழையின் தலையில் சுமையை ஏற்றுவதாகாதா? அரசு பின்வாங்கி ஓய்வெடுப்பதற்கான உபாயமாக இது பயன்படுமானால், நிச்சயமாக ஆகும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏற்றப்பட்டபோது, மோட்டாரை நம்பி நீர் இறைக்கும் கிராமச் சங்கம் ஒன்றின் கணக்குப் புத்தகம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். நட்டத்தைத் தாங்க நகரத்துக்குத் திறைசேரி இருக்கிறது. கிராமத்துக்கு அதன் உண்டியல்தான் உண்டு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28ஆம் திகதி நீரை மனித உரிமையென்று பிரகடனம் செய்தது. உரிமை என்றால் அதை நிறைவேற்றும் கடமை அரசினுடையது, கிராமச் சங்கத்தின் பொருளாளருடையது அன்று.

ஆதலால் பங்கீடு தெளிவாக இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். எதை அமைப்பது, குழாய் எந்த வீதியால் செல்வது, மாதக் கட்டணம் எவ்வளவு, கட்ட இயலாத கைம்பெண்ணுக்கு என்ன சலுகை, மோட்டாரை எத்தனை மணிநேரம் ஓட்டுவது என்பவற்றை ஊர் தீர்மானிக்கட்டும். ஊரால் செய்ய முடியாதவற்றை அரசு செய்யட்டும். தண்ணீரின் மாசு கண்ணுக்குத் தெரியாது. மலசலகூடக் குழியிலிருந்து மணல் வழியே கிணற்றுக்கு வரும் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதா என்பதை நாக்கு சொல்லாது. குழாயின் கடைசி வீட்டிலும் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சி நிற்கவேண்டும். ஆனால் கடலோர வெக்கையில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த வெளிற்றும் தூள் தன் வீரியத்தை இழந்திருக்கும். அளவு தப்பாமல் கரண்டி கரண்டியாகப் போட்டும் பயன் இராது. இவற்றைச் சோதித்து, குறையைச் சொல்லி, திருத்தும் வழியையும் காட்ட, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சமூக நீர் வழங்கல் திணைக்களத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் குறித்த தவணைகளில் வரவேண்டும். கேட்டால் வருகிறோம் என்பது போதாது. வருவது சட்டப்படியான கடமையாக வேண்டும்.

ஊர்மக்களிடம் பணத்தையும் பொறுப்பையும் ஒப்படைத்தால் களவு போகும், சண்டை வரும் என்று சொல்லும் உத்தியோகத்தர்கள் உண்டு. இவர்கள் தமிழருடைய சரித்திரத்தைச் சற்றுப் படிக்கவேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொது ஆண்டு 919லும் 921லும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை நுணுக்கமாகக் கூறுகின்றன; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவுபெற முடியாது என்ற நியதி அதில் உண்டு. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கிழக்கிலங்கை வயல்களிலே வட்டை விதானை என்பவரை விவசாயிகள் தாமே தெரிந்தெடுத்து, வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிடும் பொறுப்பை அவரிடம் கொடுத்து, அறுவடையில் நெல்லாகவே அவருக்கு ஊதியம் அளந்த சம்பிரதாயம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. வயலுக்கு வரும் நீரை ஆளத் தெரிந்த ஊருக்கு, வீட்டுக்கு வரும் நீரை ஆளத் தெரியாது என்று நம்புவதற்கு என்ன ஆதாரம்?

ஆனால் முன்னோரைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் நாம் நம்மையே ஏமாற்றியவர்களாவோம். உத்தரமேரூர் வாரியத்தில் இடம்பெற, வரிகட்டும் நிலமும் சொந்த மனையும் வேண்டும். நிலமற்றவனுக்கு அங்கே ஓலை இல்லை, பெண்ணுக்கும் இல்லை. வட்டை விதானையைத் தெரிந்தெடுத்தவர்களும் வயலுடையோரே. குடிநீரைக் குறித்த சங்கம் இந்தப் பழைய வார்ப்பிலேயே அமைந்தால், கோயில் நிர்வாகத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் முன்வரிசையில் இருப்பவர்களே இதிலும் முன்வரிசையில் அமர்வார்கள். குழாய் அவர்களுடைய படலை வரைக்கும் வந்து நின்றுவிடும். கடைக்கோடியில் இருக்கும் வேடர் குடியிருப்புக்கும், போரில் கணவனை இழந்தவளின் குடிசைக்கும், அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்ற பதிலே கிடைக்கும்.

இந்தத் தீமைக்கு ஒடிசா மாநிலத்திலே ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 1979இல் அங்கு தோன்றிய கிராம் விகாஸ் என்ற நிறுவனம், 1992 முதல் நடத்திவந்த குடிநீர், சுகாதார இயக்கத்தில், ஒரு கிராமத்தின் எல்லாக் குடும்பங்களும், ஒன்றுகூட விடுபடாமல், சேர்ந்தாலன்றி வேலையைத் தொடங்குவதில்லை என்ற பிடிவாதத்தைக் கைக்கொண்டது. ஒவ்வொரு குடும்பமும் சராசரியாக ஆயிரம் ரூபாய் வைப்புநிதிக்குத் தரவேண்டும். செல்வர் கூடக் கொடுத்து வறியவரின் குறையை நிரப்பலாம். அந்த நிதியின் வட்டி, பிற்காலத்தில் ஊரில் உருவாகும் புதிய குடும்பங்களுக்கும் அதே வசதியைச் செய்துகொடுக்கும். சாதியின் பெயரால் கிணற்றடியில் ஒதுக்கப்பட்டவர் வீட்டிலும், ஒதுக்கியவர் வீட்டிலும், ஒரே தொட்டியின் நீர் ஒரே நாளில் வந்தது. சாதித் தடையை உபதேசத்தால் மட்டும் உடைக்க முயன்று களைத்தவர்கள், இந்த நிபந்தனையின் வலிமையைச் சிந்திக்கவேண்டும்: தள்ளிவைக்கப்பட்டவர் சேராவிட்டால் தள்ளிவைத்தவருக்கும் நீர் இல்லை.

திருகோணமலைக்கு ஏற்றவை இவைதாம் என்று எனக்குப் படுகிறது. முதலாவது, கிராம நீர்ச் சங்கங்களுக்குத் தெளிவான சட்ட அந்தஸ்து வேண்டும். கிணறு இருக்கும் காணியும், தொட்டியும், குழாயும் சங்கத்தின் பெயரில் அல்லது அதன் நீண்டகாலக் குத்தகையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு முதல் மின் இணைப்பு வரை எதற்கும் தனிமனிதர் ஒருவரின் பெயரையே நம்பவேண்டியிருக்கும். இரண்டாவது, எந்தக் கொடையும், அது அரசினுடையதாயினும் அயல்நாட்டுடையதாயினும், உதிரிப்பாகக் களஞ்சியமும் பயிற்சிபெற்ற இரு உள்ளூர்த் திருத்துநரும் இன்றி ஏற்கப்படலாகாது. அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். ஏனெனில் வேலை தேடி வெளியூர் போகும் இளைஞனைவிட ஊரிலே நிலைத்திருப்பவள் அவளே, பம்பி பழுதானால் அதிகம் நடப்பவளும் அவளே. மூன்றாவது, சம்பூரில் பெருந்திட்டமாக எழவிருக்கும் சூரிய சக்தி, அயலிலுள்ள கிராமத்தின் நீர் மோட்டாருக்கும் சிறு அளவில் கிடைக்கட்டும். பகலில் இறைத்து உயரத் தொட்டியில் நிரப்பும் வேலைக்கு, விலையுயர்ந்த மின்கலமும் வேண்டியதில்லை. நான்காவது, வருமானம் செலவுக்குப் போதாத சங்கங்களுக்கு, நகரத்துக்குக் கிடைக்கும் பொதுநிதியிலிருந்து நியாயமான பங்கு, எந்த அரசியல்வாதியின் தயவிலும் தங்கியிராத விதியின்படி, ஆண்டுதோறும் செல்லவேண்டும்.

ஐந்தாவதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மணலுக்குள் மிதக்கும் நீர் வில்லைக்கும், மகாவலி கொட்டியாரக் குடாவை அடையும் வழியிலுள்ள வாய்க்கால்களுக்கும், ஊரின் எல்லையும் தெரியாது, இனத்தின் எல்லையும் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம் இருப்பதோடு, ஒரே நீரைப் பகிரும் ஊர்களின் சங்கங்கள் கூடும் ஒரு பொதுச் சபையும் வேண்டும். அதிலே மூதூர் முஸ்லிமும், சேருவில சிங்களவரும், ஈச்சிலம்பற்றுத் தமிழரும் சமமாக அமர்ந்து, கோடையில் யார் எவ்வளவு இறைப்பது என்ற கணக்கை முன்வைத்துப் பேசட்டும். விடுதி உரிமையாளரும் அங்கே வந்து தம் மோட்டாரின் அளவைச் சொல்லட்டும். அங்கே வாக்குவாதம் இராது என்று நான் சொல்லவில்லை, நிச்சயமாக இருக்கும். ஆனால் வாதாட ஒரு மேடையும், ஒப்பிட ஒரு கணக்கும், முறையிட ஓர் அதிகாரியும் இருக்கும் இடத்தில், தன் பங்கைப் பெற இன்னொருவனின் பங்கை அடைக்கவேண்டிய அவசியம் எவனுக்கும் வராது.

மாகாண சபைகள் தேர்தலின்றிக் கிடக்கும் இக்காலத்தில், கிராமத்துக்கு அதிகாரம் என்ற பேச்சு வெறும் கனவாகச் சிலருக்குத் தோன்றலாம். அரசியல் தீர்வு பெரிய மேசைகளில் எப்போது வரும் என்பதை அறிந்தவர் யாருமில்லை. ஆனால் ஒரு கிராமம் தன் தண்ணீரைத் தானே ஆள்வதற்கு அரசியலமைப்பைத் திருத்தவேண்டியதில்லை. ஒரு சட்டமும், ஒரு சிறு வரவுசெலவு ஒதுக்கீடும், தன் பிரஜையை நம்பும் ஒரு நிர்வாகமும் போதும். இவற்றையே நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் பிரதேச சபைத் தவிசாளர்களிடமும் நாம் கேட்கவேண்டும். அடுத்த கோடையில் எத்தனை பவுசர் அனுப்பினோம் என்ற புள்ளிவிவரத்தை அவர்கள் பெருமையாக வாசிப்பார்களாயின், பவுசர் தேவைப்படாத ஊர்கள் இம்மாவட்டத்தில் எத்தனை கூடின என்று திருப்பிக் கேட்போமாக.